பச்சைக் கவுனும் கறுப்புக் கோட்டும்

மார்ச் 4

வணக்கம்.

நான்தான். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். நீங்கள் வேலை செய்யும் ரெக்கார்டிங் அறைக்குப் போன் செய்தேன். "சார் போன் வெச்சுக்கறதில்லம்மா, லெட்டர் போட்டா படிப்பாரு" என்றார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். வேறு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் இப்போது ஒரு நடிகரின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் தெருமுனையிலும் அவர் படம் ஒட்டியிருப்பார்கள். ஆபீஸில் எல்லாரும் அவரை ஹீரோ என்றுதான் சொல்வோம். ஏப்ரலில் நடக்கும் விருது விழாவுக்கு ஹீரோ கவுன் அணிந்து வரப்போகிறார். தரையைத் தொடுகிற நீளக் கவுன். போன வாரம் அதில் ஒரே ஒரு போட்டோவை வெளியே விட்டோம். பார்த்தவர்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். "ஆம்பளன்னா இப்படி இருக்கணும்" என்று எழுதுகிறார்கள். திட்டுகிறவர்களும் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் திட்டுகிறவனைத் திட்டுவதற்கு நூறு பேர் வந்துவிடுகிறார்கள். எங்கள் மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

அதற்கு நடுவில் யாரோ உங்கள் பழைய வீடியோவைத் தோண்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதே டிவி நிகழ்ச்சி, அதே பச்சைக் கவுன், மீசை, மைக். "யாருய்யா இந்த ஆளு? அந்தக் காலத்துலயே இவ்வளவு தைரியமா? உயிரோட இருக்காரா?" என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டார். "விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன். நான் உங்கள் மகள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

விழாவில் ஹீரோ கையால் உங்களுக்கு ஒரு மரியாதை செய்ய ஆசைப்படுகிறார்கள். கார் அனுப்புவார்கள். வர முடியுமா, முடியாதா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றபடி சுகம்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 9

வாலு,

முப்பத்தோரு வயசுக்காரியை இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்காதே. எனக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. வணக்கம் என்று ஆரம்பித்திருக்கிறாய். கரண்ட் பில் கட்டவில்லை என்று ஆபீஸிலிருந்துதான் எழுதியிருக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் பயந்தே போனேன்.

நான் நன்றாகவே இருக்கிறேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்வது நான்தான். பேங்க், ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் நானே. அன்றைக்கு என் பாட்டு வேண்டாம் என்று கேசட்டைத் திருப்பிக் கொடுத்தவன் எல்லாம் இன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் எப்போது நிறுத்துவேன் என்று காத்துக் கிடக்கிறான். முகம் மட்டும்தான் அவர்களுக்கு ஆகாது.

தைரியமாம், தைரியம்! உன் மேனேஜரிடம் சொல், அன்றைக்கு என்னிடம் தைரியம் மருந்துக்குக்கூட இல்லை. ஏதோ தப்பு செய்கிறோம் என்று தெரிந்தால்தானே தைரியம் வேண்டும்? எனக்குத் தெரியவே இல்லை. பாடுகிறவனுக்கு வயிறு கட்டுப்படக் கூடாது. பெல்ட்டை இறுக்கினால் கீழிருந்து வருகிற மூச்சு வராது. கவுனில் அந்தத் தொல்லை இல்லை. இதை மட்டும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் அது பாதி உண்மைதான். கண்ணாடியில் பார்த்தேன், நன்றாக இருந்தது, போட்டுக்கொண்டேன். மீதிப் பாதி அவ்வளவுதான்.

அதே நிகழ்ச்சியில் எனக்கு முன்னால் ஒரு காமெடியன் வந்தான், ஞாபகம் இருக்கிறதா? ஜாக்கெட்டுக்குள் இரண்டு பலூனை வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டினான். குடும்பம் குடும்பமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்தது நான். ஒருத்தரையும் சிரிக்க வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோகப் பாட்டைப் பாடினேன். முதல் செருப்பு இரண்டாவது சரணத்தில் வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவன் போட்டது வேஷம், நான் போட்டது துணி. அதைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போகட்டும். நான் வருகிறேன். காரெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். ஹீரோ கையால் மரியாதையும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நீ மேடைக்கு வர வேண்டும். வந்து மைக்கில், "இவர் என்னுடைய அப்பா" என்று சொல்ல வேண்டும். இரண்டு மூச்சுக்குக்கூட வேலை இல்லை.

உன் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நான் வந்தபோது உன் தோழி ஒருத்தி, "யாருடி இவரு?" என்று கேட்டாள். "பாட்டு மாஸ்டர்" என்றாய். நான் அப்படியே கிளம்பிவிட்டேன். அப்புறம் நான் வரவில்லை, நீயும் கூப்பிடவில்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எனக்கு எது வேண்டும் என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான்.

அப்பா


மார்ச் 15

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது.

குத்திக்காட்டவில்லை என்று எழுதிவிட்டு எவ்வளவு ஆழமாகக் குத்துகிறீர்கள்! சரி, நானும் சொல்கிறேன். நீங்கள் அந்தப் பாட்டை ஒரு ராத்திரி பாடினீர்கள். நானும் அம்மாவும் அதைப் பத்து வருஷம் கேட்டோம். வகுப்புக்குள் நுழைந்தால் என் பெஞ்சின் மேல் ஒரு பாவாடை விரித்திருக்கும். "உங்கப்பனுக்குத் தோச்சுக் குடுடி" என்பார்கள். பள்ளிக்கூட வேனில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அம்மா வேலை பார்த்த இடத்தில், "வீட்டுல யாரு புருஷன், யாரு பொண்டாட்டி?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் உங்களை விட்டு வந்ததற்கு அந்தக் கவுன்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். "விளையாட்டுக்குத்தான் போட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று பத்திரிகைக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி அம்மா உங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஊர் ஒரு மாதத்தில் மறந்திருக்கும். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். உங்களுக்கு உங்கள் ரோஷம் பெரிதாகப் போய்விட்டது. அந்த ரோஷத்துக்கும் சேர்த்து அடி வாங்கியது பதினோரு வயசுப் பிள்ளை.

கரண்ட் ஆபீஸுக்குப் போன் செய்தால் உங்கள் குரல் வரும். நான் உடனே கட் செய்துவிடுவேன். மீட்டர் ரிப்பேராகி ஒரு வாரம் இருட்டில்கூட இருந்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹீரோவின் போட்டோ டிவியில் வந்தபோது அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு பாந்தமா இருக்கு இந்தப் பையனுக்கு!" என்றாள். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

எனக்கும் ஆத்திரம்தான். உங்கள் மேலா, அந்தக் கூட்டத்தின் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தார்கள் இத்தனை நல்லவர்களும்?

சரி, நீங்கள் கேட்டதற்குச் சம்மதம். மேனேஜரிடம் முன்னாலேயே சொல்ல மாட்டேன். சொன்னால் வேலை போனாலும் போகும், சொந்தக்காரரை உள்ளே நுழைத்துவிட்டாள் என்பார்கள். மேடைக்கு வந்து நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 6

வாலு,

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அந்தப் பாவாடை விஷயம் எனக்கு இத்தனை நாளாகத் தெரியாது. உன் அம்மாவும் சொன்னதில்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பேங்க்காரன் வேறு குரலை வைத்து ஓட்டிக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்கிறாய். கேட்டிருந்தால் அன்றிலிருந்து நானும் பலூன் வைத்துக்கொண்டு ஆடுகிறவன்தான். ஆனால் இந்த நியாயத்தைப் பதினோரு வயசுப் பிள்ளையிடம் போய்ச் சொல்ல முடியாது. முப்பத்தொன்றிலும் சொல்ல முடியாது போலிருக்கிறது. விடு.

இப்போது ஒரு வேடிக்கை கேள். நேற்று உங்கள் ஆபீஸிலிருந்து டெய்லர் ஒருவர் இன்ச் டேப்போடு வந்தார். தோளை அளந்தார், மார்பை அளந்தார், கவுனுக்குத்தான் என்று நினைத்து நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். கடைசியில் பேன்ட்டுக்குக் கால் அளவு எடுத்தார். "என்னய்யா இது?" என்றேன். "கறுப்புக் கோட்டு சூட்டு சார்" என்றார். "என் பழைய கவுன் பெட்டியில் அப்படியே இருக்கு, பக்கத்துல கொஞ்சம் பிரிச்சு விட்டா ஏறும்" என்றேன். பாவம், அவர் நெளிந்தார். "இல்ல சார், ஹீரோவுக்குக் கவுன் குடுக்கற துணிக் கம்பெனி அக்ரிமென்ட்ல போட்டிருக்காங்க. அன்னிக்கு மேடையில ஹீரோ ஒருத்தர்தான் கவுன் போடணும். வேற எந்த ஆம்பளையும் போடக் கூடாது" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மெக்கானிக் எட்டிப் பார்த்தார். அன்றைக்குக் கவுன் போட்டதற்கு அடித்தார்கள். இன்றைக்குப் போடாதே என்று அளவெடுத்துக் கோட்டுத் தைத்துத் தருகிறார்கள். அம்மணமான ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்பார்கள். ஊரே கோவணம் கட்டிக்கொண்ட பிறகும் அவன்தான் பைத்தியக்காரன் போலிருக்கிறது.

பயப்படாதே, சண்டை போட மாட்டேன். பழைய நானாக இருந்தால் டேப்பைப் பிடுங்கி எறிந்திருப்பேன். இப்போது கோட்டையே போட்டுக்கொள்கிறேன். பெல்ட்டையும் கட்டிக்கொள்கிறேன், அன்றைக்கு நான் பாடப் போவதில்லையே. நீ அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். அதற்காக இருபது வருஷ ரோஷத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அப்பா


ஏப்ரல் 21

வாலு,

விழா முடிந்து நீ வருவாய் என்று மண்டப வாசலில் வெகுநேரம் நின்றேன். வரவில்லை. வேலை இருந்திருக்கும்.

உன் ஹீரோ நல்ல பையன். காலைத் தொட்டுக் கும்பிட்டான். கவுன் அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது. இடுப்பில் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டார்கள், பாடுகிறவனாக இருந்தால் மூச்சு முட்டியிருக்கும். அவன் நடந்து வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. என் வயசுக்காரர்களும் எழுந்தார்கள். முன் வரிசையில் நின்று கை தட்டிய ஒருவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு என் நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தச் சொன்ன டிவிக்காரர். இப்போது அவருக்கு முழுக்க நரைத்துவிட்டது. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் நீ பூங்கொத்தோடு மேடைக்கு வந்தாய். மைக்கை வாங்கினாய். நான் கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். "இவர்" என்றாய். கொஞ்சம் நிறுத்தினாய். "இவர் எங்க எல்லாருக்குமே ஒரு அப்பா மாதிரி" என்றாய்.

மண்டபமே அதிர்ந்தது. நானும் கை தட்டினேன் என்றால் நம்புவாயா? மேடையில் நின்று பழகிய உடம்பு, எல்லாரும் தட்டினால் தானாகத் தட்டிவிடுகிறது. ஹீரோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். நீ பூங்கொத்தை என் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாய்.

இதற்கு நீ கல்லூரியில் சொன்ன பாட்டு மாஸ்டரே தேவலை. அது பொய் என்றாவது எனக்கும் உனக்கும் தெரியும். ஒன்றே ஒன்று சொல். அந்த "மாதிரி"யை எழுதி வைத்திருந்தாயா, வாயில் வந்துவிட்டதா?

கோட்டைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்பா


ஏப்ரல் 29

நான் எழுதி வைத்திருந்தது "என் அப்பா" என்றுதான். சத்தியமாக. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அம்மாகூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் மைக்கைப் பிடித்ததும் எனக்குப் பதினோரு வயசாகிவிட்டது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கை தட்டத்தான் காத்திருந்தார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் இதே முகங்கள் எப்படிச் சிரிக்கும் என்றும் எனக்குத் தெரியும். வாயில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் கேட்டதில்லை, அந்தப் புத்தி உங்களிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் விஷயம் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கோட்டோடு நின்று கை தட்டியது வீடியோவாக ஊரெல்லாம் சுற்றுகிறது. "எவ்வளவு பெரிய மனசு இந்தப் பெரியவருக்கு" என்று அழுகிறார்கள். உங்கள் பழைய பாட்டைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள். அதோடு ஒரு பழைய பத்திரிகைப் படத்தையும் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். நீங்கள் என்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படம். என் மூக்கைப் பார்த்தே ஆபீஸில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏம்மா, வீட்டுக்குள்ளயே புதையலை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேட விட்டியே!" என்றார். எனக்குப் பதவி உயர்வாம். உங்களையும் என்னையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு பேட்டி எடுக்க வேண்டுமாம். பெரிய டிவி, ஞாயிற்றுக்கிழமை காலை நேரம். அதில் நான் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். "மாதிரி" எல்லாம் வராது. "என் அப்பா" என்று நாடே கேட்கச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதும் அதுதானே? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள் என்று அம்மாகூடச் சொல்கிறாள்.

எப்போது வசதிப்படும் என்று எழுதுங்கள்.

மகள்


மே 5

வாலு,

உன் பதவி உயர்வில் எனக்குச் சந்தோஷம். இதைக் குத்தலாக எழுதவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

பேட்டிக்கு நான் வரவில்லை.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. யோசித்துத்தான் சொல்கிறேன். என்னைத் திட்டியபோது ஊர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது தூக்கி வைத்துக்கொள்ளும்போதும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேறு எவனாவது வேறு எதையாவது போட்டுக்கொண்டு வருவான், இவர்கள் அங்கே போய்விடுவார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் நீ என் மகள் என்பதை அவர்கள் கை தட்டிய பிறகுதான் நான் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றால், அவர்கள் செருப்பு எறிந்த அன்றைக்கு நீ என் மகள் இல்லையா? மேடையில் சொல் என்று உன்னிடம் நான் கேட்டதே பிசகு. நானும் அந்தக் கூட்டத்தை நடுவராக உட்கார வைத்துவிட்டேன்.

அதனால் இப்போது வேறொன்று கேட்கிறேன். முன்னதைவிட இது சின்னது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நீ மட்டும் வா. அம்மாவுக்கு இஷ்டம் இருந்தால் அவளும் வரட்டும். கேமரா வேண்டாம், மைக் வேண்டாம், மேனேஜர் வேண்டாம். வாசலில் நின்று "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிடு. பக்கத்து வீட்டு மெக்கானிக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும். எனக்குப் பிள்ளை குட்டியே கிடையாது என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்குச் சின்ன வயசில் ரொட்டியை டீயில் நனைத்துத்தான் சாப்பிடப் பிடிக்கும், இன்னும் அப்படித்தானா என்று தெரியவில்லை. இரண்டையும் வாங்கி வைக்கிறேன்.

வீடு மாடியில். படிக்கட்டு குறுகலாக இருக்கும், பார்த்து ஏறு.

அப்பா


மே 9

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். திரும்பி வந்தபோது கண் வீங்கியிருந்தது. என்ன என்று மேனேஜர் கேட்டார். கேட்டதும் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன். காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே வந்துவிடுவோம். அம்மாவும் வருகிறாள், நேற்றுப் போய்ப் புடவை எடுத்தோம். நீங்கள் கேட்ட மாதிரியே வாசலில் நின்று கூப்பிடுகிறேன். படிக்கட்டு குறுகல் என்பதால் ஒரே ஒருவர்தான் கூட வருவார். சின்னக் கேமராதான், உள்ளங்கையில் அடங்கிவிடும். நீங்கள் அதைக் கவனிக்கவே மாட்டீர்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் அப்பா. இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல முடியவில்லை.

துணிக் கம்பெனியிடமும் பேசிவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் கதவைத் திறக்கும்போது அந்தப் பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பக்கத்தில் பிரித்து விட டெய்லர் சனிக்கிழமை வருவார்.

உங்கள் மகள்